தேய்ந்த இடத்தை வெட்டி ஒட்டுவது

ஒரு வீடியோ கேசட் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் எதைப் பார்க்க எடுத்துப் போனார்கள் என்று தெரிந்துவிடும். குடும்பப் படத்தில் பாட்டு வரும் இடம் தேயும். சண்டைப் படத்தில் கடைசிச் சண்டை. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, மறுபடி நிறுத்தி, நாடாவின் பூச்சு அந்த இடத்தில் மட்டும் உதிர்ந்துபோகும். திரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும். எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் எங்கள் அண்ணன் ஒரு வீடியோ லைப்ரரி வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்து இந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் வாலிபம்.

அஸ்தினாபுரம் போகும் சாலையில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் கடை. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா மவுத்தாகி, அண்ணன் தலையில் குடும்பம் விழுந்த பிறகு ஆரம்பித்தது. கேசட்டோடு வீடியோ டெக்கும் கலர் டிவியும் ஒரு நாள் வாடகைக்குக் கொடுப்போம். அவற்றை வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். ஆம்பளையாக இருந்தால் வீட்டுப் பெண்கள் தயங்குவார்கள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. வந்ததில் எனக்கு ஏக குஷி.

அதற்கு முன்னால் எனக்கு டைபாய்டு வந்து, முடி கொட்டி, மொட்டை அடித்துவிட்டிருந்தார்கள். வளர்ந்ததும் பிடரி தெரியும்படி வெட்டிக்கொண்டேன். அந்தச் சுகம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன். அத்தாவின் சட்டைகள் பீரோவில் சும்மா கிடந்தன. அவையும் எனக்குச் சரியாக இருந்தன. குரல் இயல்பிலேயே பெரிசு. பக்கத்தில் மாவு மில் ஓடினால் கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் இன்னும் பெரிசாகிவிட்டது. வாடிக்கைக்காரர்கள் என்னைத் தம்பி என்று கிண்டல் செய்வார்கள். நானும் இன்னாண்ணே என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். அம்மாவுக்கு மட்டும் தினமும் ஒரு புலம்பல் உண்டு. இதை எவன் கட்டுவான் என்பதுதான் அது.

கவுன்ட்டருக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதிலிருந்த கேசட்டுகளை அண்ணன்தான் எடுப்பார், அண்ணன்தான் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தால் கோயில் குளம், மீன் வளர்ப்பு என்று இருக்கும். என்னை அந்தப் பக்கமே வரவிட மாட்டார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கடை வாடகை அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது என்பதும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகியிருந்தோம்.

ஒரு மத்தியானம் அண்ணன் இல்லாத நேரத்தில் ஒருவர் வந்து, பேப்பர் சுற்றிய கேசட் ஒன்றைக் கவுன்ட்டரில் வைத்து, நடுவில் படமே தெரியவில்லை என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். ஜப்பான் தோட்டக்கலை என்று மேலே ஒட்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ அண்ணனுக்குக் கொடுத்தது. திரும்பி வரும் கேசட்டை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. ஓட்டிப் பார்த்தேன்.

ஒரு மெக்கானிக் ஷெட். முப்பது வயது இருக்கும் ஒரு பெண். பிடரி தெரிய வெட்டிய முடி, எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை, காக்கி பேன்ட். ஒரு காலைத் தூக்கி கார் பம்பர்மேல் வைத்துக்கொண்டு, கூட வேலை செய்யும் ஆண்களை ஏதோ சொல்லி ஓட்டுகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. இப்படி ஒருத்தியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, கண்ணாடியில்தான் பார்த்திருந்தேன்.

பிறகு ஷட்டர் இறங்குகிறது. ஒருவன் அவள் கையைப் பிடிக்கிறான். அவள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஜப்பான் மொழியில் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. அவன் விடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. வெள்ளைக் கோடுகள் அங்கேதான் இருந்தன. அதுவும் அவள் அந்தச் சொல்லைச் சொல்லுகிற இடத்தில், அவள் முகத்தின்மேல், மழை மாதிரி.

வேகமாக முன்னால் ஓட்டினேன். கடைசிக் காட்சியில் அதே பெண் பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு, தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு, அதே ஆளுக்குத் தட்டில் டீ கொண்டுவந்து வைக்கிறாள். தலையைக் குனிந்து சிரிக்கிறாள். ஆம்பளை மாதிரித் திரிந்தவளை அடக்கிப் பொம்பளையாக்கிவிட்டானாம், அதில் அவளுக்கும் சந்தோஷமாம். அதுதான் கதை. மூலையில் தள்ளி ஒரு பெண்ணை மூச்சுத் திணற வைத்துவிட்டு, அதை அவளுக்கு வைத்தியம் மாதிரிக் காட்டியிருந்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்காகத் திரும்பவும் பின்னால் ஓட்டினேன். கோடுகளுக்கு நடுவில் ஒரு கணம், அவள் கண் அந்த ஆளை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போகிறது. கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்க்கிறது. நடிக்கிறவள் பார்க்கிற பார்வை இல்லை அது. போதும் என்று சொல்லுங்களேன் என்று கேட்கிறவள் பார்வை. அவ்வளவுதான், அங்கே படத்தை வெட்டியிருக்கிறார்கள். அடுத்த காட்சியில் அவள் முகம் கழுவி, முடி சீவியிருக்கிறாள். அந்த ஓரத்தில் நின்றவர் என்ன பதில் சொன்னார் என்று கேசட்டில் இல்லை.

அண்ணன் வந்தார். டிவி ஓடுவதைப் பார்த்து முகம் செத்துப்போனது. அணைத்துவிட்டு, கோபத்தையும் வெட்கத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், தொழில் பேச்சுப் பேசினார்.

"தேஞ்சிருக்கிற இடத்த வெட்டி ஒட்டிடு. ரெண்டு நிமிஷம் போனா இன்னா? யாரும் கேக்கப்போறதில்ல."

எல்லா லைப்ரரியிலும் செய்கிற காரியம்தான். தேய்ந்த நாடாவை அப்படியே விட்டால் பூச்சு உதிர்ந்து டெக்கின் ஹெட்டைக் கெடுத்துவிடும். அதனால் பிளேடால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் ஒட்டு டேப் போட்டுச் சேர்த்துவிடுவோம். பார்க்கிறவருக்குப் படம் ஒரு குதி குதித்துவிட்டு ஓடும். கல்யாண கேசட்டில்கூட நான் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். தாலி கட்டுகிற இடமே இல்லாமல் ஒரு குடும்பம் சந்தோஷமாக வாங்கிப் போயிருக்கிறது.

இதை மட்டும் செய்ய மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "அத வெட்டிட்டா அவ வேணாம்னு சொன்னதே இருக்காதுண்ணே. சிரிக்கிறது மட்டும்தான் இருக்கும்," என்றேன்.

அது நடிப்பு என்றார். காசு வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்து நடிக்கிறாள் என்றார். கையெழுத்தை நீ பார்த்தாயா என்று கேட்டேன். நடிப்பாகவே இருக்கட்டும், அவள் ஓரமாக யாரைப் பார்க்கிறாள் என்று கேட்டேன். வேண்டாம் என்கிற இடத்தை இத்தனை பேர் தேய்த்திருக்கிறார்களே, அவர்களுமா நடிக்கிறார்கள் என்று கேட்டேன். வாயை மூடு, மாவு மில் நின்றுவிட்டது, ரோட்டுக்குக் கேட்கும் என்றார். கேசட்டைப் பிடுங்கி டப்பாவில் போட்டார். வெட்டாமலே அது மறுபடி வாடகைக்குப் போக ஆரம்பித்தது.

அதை அதிகமாக எடுத்துப் போனது எங்கள் மாமி மகன். மாமி என்றால் அத்தாவின் தங்கை. பொழிச்சலூரில் வீடு. அவன் பம்மல் பக்கம் ஒரு தோல் பட்டறையில் சூப்பர்வைசர். சாயங்காலமானால் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அண்ணனுக்கு ஒரே சிநேகிதன். அத்தாவின் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிய நாலு தோளில் ஒன்று அவனுடையது, அதை நான் மறுக்க மாட்டேன். கெட்டவன் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நானே அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கு அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் கேசட்டுகளைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்து முதலில் வந்தவன் அவன். தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி உள்ளே வந்து, ஏதோ கேலி பேசிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தான். விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். கையை விடு மச்சான் என்றேன். விடவில்லை. திரும்பவும் சொன்னேன். பிடி இறுகியது. அவன் முகத்தில் கோபமோ வெறியோ ஒன்றும் இல்லை. பார்த்த படத்தை மறுபடி பார்க்கிறவன் முகத்தில் ஒரு நிம்மதி இருக்குமே, அதுதான் இருந்தது.

"நீ வேணாம்னுதான் சொல்லுவே," என்றான். "கடைசில இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

கைக்கு எட்டியது ஒரு பழைய டெக்கின் இரும்பு மூடி. அதால் அவன் முழங்கையில் அடித்தேன். விட்டுவிட்டான். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தபடி போனான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அடித்ததும் அவனுக்குக் கதையில் ஒரு காட்சியாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். மணிக்கட்டைக் காட்டினேன். அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அடுத்த வாரமே மாமி பூவும் பழமும் தூக்கிக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டாள். மாமி போன பிறகு அம்மாவிடம் மணிக்கட்டை மறுபடி நீட்டினேன்.

"அதான் கட்டிக்கிறேன்னு வந்துட்டானே," என்றாள் அம்மா. "இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு இப்போது மனசில்லை. அப்போது இருந்தது. கையைப் பிடித்தவன் கட்டிக்கொண்டால் கையைப் பிடித்ததே இல்லை என்று ஆகிவிடும் என்பது அவள் அறிந்த நியாயம். மாமி அடுத்த முறை வந்தபோது அவளிடமே வேண்டாம் என்றேன். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அண்ணனிடம் நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவனிடம் பேசுகிறேன் என்றார். பேசினார். விளையாட்டுக்குப் பிடித்தேன் என்று அவன் சொன்னானாம். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் அண்ணன், கேசட் அலமாரியைப் பார்த்துக்கொண்டே. அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஓடிப்போயிருக்கலாமே என்று பிற்பாடு சில பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எங்கே ஓடுவது? தாம்பரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் போகும், அவ்வளவுதான்.

கடைக்குப் போவது நின்றது. முடியை வளர்க்கச் சொன்னார்கள். தோளைத் தொடும் அளவுக்குத்தான் வந்தது, அதிலும் சவுரி வைத்துப் பின்னினார்கள். அத்தாவின் சட்டைகள் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பரண்மேல் போயின. ஆனால் பெரிய வேலை குரல்தான். பெண்ணின் குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்று சின்னம்மா சொன்னாள். சின்னம்மாவும் தெருப் பெண்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, என்னைப் பேச வைத்து, இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கொடுமைக்காரிகள் இல்லை அவர்கள். எனக்கு மருதாணி வைத்துவிட்டு, ஊதி ஊதிக் காயவைத்தவர்கள். என்மேல் உண்மையான பிரியம். அந்தப் பிரியத்துக்கு முன்னால் சண்டை போட என்னால் முடியவில்லை. முதலில் கிண்டலுக்காக மெதுவாகப் பேசினேன். பிறகு ஒருநாள் தெருவில் போன கீரைக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், அவளுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் நிஜமாகவே பயந்துபோனேன். கண்ணாடியில் பின்னலோடு நின்றவளைப் பார்த்தால், கவுன் போட்டுக்கொண்டு டீ கொண்டுவந்தவளின் ஞாபகம்தான் வந்தது.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் நிக்காஹ்வில் பெண்ணைக் கேட்காமல் எதையும் முடிக்க முடியாது. அத்தா இல்லாத வீட்டில் அண்ணன்தான் கேட்க வேண்டும். இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு பெண் இருக்கும் அறைவாசலுக்கு வந்து, இன்னாருக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா என்று வாய் திறந்து கேட்பார். அவள் சொன்னதை வெளியே போய் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னால்தான் அவர் மேற்கொண்டு ஓதுவார். கன்னிப் பெண் கூச்சத்தில் பேசாமல் இருந்தால் அதையும் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது. ஊரே செவிடாகிப் போனாலும் அந்த ஒரு கேள்விக்கு என் பதில் வேண்டும். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

நிக்காஹ் அன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் வெளியே. நான் உள்ளறையில், பூவும் அத்தர் வாசனையுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, நடுவில். கொல்லைப்பக்கத்திலிருந்து பிரியாணி மணம் வந்தது. அண்ணன் வந்து வாசல் திரையை ஒதுக்கிக்கொண்டு நின்றார். பின்னால் இரண்டு சாட்சிகள். ஒருவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். இன்னொருவர் ஜமாஅத்திலிருந்து வந்தவர், எனக்கு முகம் மட்டும் பழக்கம். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். இன்னார் மகனுக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை நிக்காஹ் செய்துகொடுக்க உனக்குச் சம்மதமா?

"வேணாம்," என்றேன்.

என் காதுக்கே அந்தக் குரல் சரியாக எட்டவில்லை. அத்தனை நாள் பழக்கிய குரல் அது. இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா என்று அவர்கள் செய்துவைத்த குரல்.

"சம்மதம்னு சொல்லிட்டா," என்றாள் சின்னம்மா. பாவம், வெட்கத்தில் குரலே வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் திரும்பினார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்த அறையில் அந்தக் கேள்விக்கு அதுவரைக்கும் ஒரே ஒரு பதில்தான் வந்திருக்கிறது. மணப்பெண் உதட்டை அசைத்தால் அது சம்மதம். சத்தமாகச் சம்மதம் என்று சொன்னவளைத்தான் வருஷக்கணக்காகப் பேசுவார்கள். எதைக் கேட்கப் பழகியிருந்தார்களோ அதைக் கேட்டார்கள்.

அண்ணன் மட்டும் திரும்பவில்லை. திரையைப் பிடித்தபடி நின்றார். எத்தனையோ மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை. அதை அவர் அந்த கேசட்டில் பார்த்திருந்தாரா, எனக்குத் தெரியாது. நான் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"இன்னா சொன்னே?" என்றார்.

அதான் சொல்லிவிட்டாளே என்றார் பெரியவர். நான் அவளைக் கேட்கிறேன் என்றார் அண்ணன்.

நான் எழுந்து நின்றேன். மாவு மில் ஓடும்போது பேசுகிற குரல் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயே கிடந்தது. "வேணாம்ணே. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

பந்தலில் தட்டுச் சத்தம் நின்றது. சின்னம்மா பதறி என் வாயைப் பொத்தினாள். பிள்ளைக்கு மயக்கமாக இருக்கிறது, தண்ணீர் கொடு என்றாள் ஒருத்தி. அம்மா மூலையில் உட்கார்ந்தபடி முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். பெரியவர் அனுபவஸ்தர், பதறவில்லை. அண்ணனின் தோளில் கை போட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"பொண்ணு பயத்துல ஒளறுது. ஹஜ்ரத் காத்துகினு கீறாரு. நீ வெளிய போயி சம்மதம்னு மட்டும் சொல்லு. இத வுட்டுடு. அப்பால எல்லாம் சரியாப்பூடும்."

அவ்வளவுதான் கேட்டார். இந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டால் முன்னால் நடந்ததும் பின்னால் நடப்பதும் பொருந்திக்கொள்ளும். படம் ஒரு குதி குதித்துவிட்டு ஓடும். வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனின் ஒரே சிநேகிதன் மாலையோடு உட்கார்ந்திருக்கிறான். அண்ணனின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுவதைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. இருந்தது என்று சொன்னால் பொய்.

அவர் சாட்சிகள் பக்கம் திரும்பினார்.

"என் தங்கச்சி வேணாம்னு சொன்னா," என்றார். "எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்கும் கேட்டுச்சு."

பெரியவர் அண்ணனின் தோளிலிருந்து கையை எடுத்தார். ஜமாஅத்திலிருந்து வந்தவர்தான், அதுவரைக்கும் வாயே திறக்காதவர், கேட்டது என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். சத்தம், சாபம், அழுகை. பிரியாணி தேக்சாக்கள் மதரஸாவுக்குப் போயின. மாமி வீட்டோடு போக்குவரத்து அறுந்தது. அம்மா என்னோடு பேச அடுத்த ரமலான் வரைக்கும் ஆனது. எங்கள் ஜமாஅத்து ஆட்கள் பாதிப் பேர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மாமி மகன் மட்டும் ஒருமுறை கடைக்கு வந்தான். சண்டைக்கு வரவில்லை. அவள் சும்மா சொல்கிறாள், உனக்குப் புரியவில்லையா என்று அண்ணனிடம் கேட்டான். உண்மையிலேயே புரியாமல் கேட்டான். மணிக்கட்டை இறுக்கிய கையைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். வருஷம் திரும்புவதற்குள் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. எங்களுக்குப் பத்திரிகை இல்லை. அறைவாசலில் வந்து கேட்டபோது அந்தப் பெண் என்ன சொன்னாள், எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

நான் முடியை வெட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அண்ணனும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசாமல் இருப்பதில்தான் நாங்கள் பழகியவர்கள் ஆயிற்றே. ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தி ஜப்பான் தோட்டக்கலை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணன். எப்போது வரும் என்றார் அவர். வராது என்றார் அண்ணன். இதனால் அவர் ஒரேயடியாக மகான் ஆகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். டப்பாவில் மற்றவை எல்லாம் இருந்தன, வாடகைக்கும் போயின. அவற்றுக்காக நான் அவரோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. எங்கள் தொழில் படுத்தது. அண்ணன் கடையைக் காலி செய்து எஸ்டிடி பூத் வைத்தார். கேசட்டுகளைச் சாக்கில் அள்ளிப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். சாக்குகள் போன பிறகு அண்ணன் உள்ளே போய், பேப்பர் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இத நீயே வெச்சுக்கோ," என்றார். ஷட்டரை இறக்கப் போய்விட்டார்.

அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க டெக் கிடையாது, இருந்தாலும் ஓட்ட மாட்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடா பூஞ்சை பிடித்திருக்கும். தூக்கிப் போடலாமே என்று சில சமயம் தோன்றும். அவள் பெயர் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டாளா, எதில் போட்டாள், போட்ட பிறகு மனம் மாறினால் அதைக் கேட்க அங்கே யாராவது இருந்தார்களா, ஒன்றும் தெரியாது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் அவளுக்கு என்ன சொன்னார் என்பதும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன இடம் அந்த நாடாவில் முழுசாக இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.